மலைக்கு டாக்டரை அனுப்புவதா, மலையிலிருந்தே டாக்டரை உருவாக்குவதா?

#1 மலையேறி

வணக்கம். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்னக் கல்வி அறக்கட்டளை நடத்துகிறோம். சாலை சரியாக இல்லாத மலைக்கிராமங்களிலிருந்து சில பிள்ளைகளை மருத்துவம் படிக்கவைத்து, முடித்ததும் அதே பகுதியில் வேலை பார்க்கச் சொல்லலாம் என்பது யோசனை. பணம் ஓரளவு திரண்டுவிட்டது. ஆனால் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. "மலையில் பிறந்த பிள்ளை தானாகத் திரும்பிவரும், ஒப்பந்தம் எதற்கு?" என்கிறது ஒரு கட்சி. "கையெழுத்து வாங்காமல் ஒரு பைசா கொடுக்கக்கூடாது" என்கிறது இன்னொன்று.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டியைப் புரட்டினேன். உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கிராமப்புறத்தில் இருக்க, மருத்துவர்களில் கால் பங்குக்கும் குறைவானவர்களே அங்கே இருக்கிறார்கள் என்று முதலிலேயே போட்டிருக்கிறார்கள். சமவெளிக் கிராமத்தையும் சேர்த்த கணக்கு அது. மலையை மட்டும் தனியாகப் பிரித்தால் இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பணத்தை எதில் போடுவது?

#2 வாதப்பிரியன்

கையெழுத்து வாங்குங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மெக்சிகோ 1936லேயே மருத்துவ மாணவர்களுக்குச் சமூக சேவையைக் கட்டாயமாக்கிவிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ நாடுகள் பின்பற்றின. மண்ணின் மீது பாசம், ஊர்க்கடன் என்பதெல்லாம் கல்லூரி இரண்டாம் ஆண்டு வரைக்கும்தான். பி.ஜி. (முதுநிலைப் படிப்பு) சீட் கிடைத்ததும் எல்லாம் போய்விடும்.

இன்னொன்று. பிறந்த இடத்தைப் பார்த்து ஆள் எடுத்தால் தரம் குறையும். மலைக்காரர்களுக்கு மட்டும் இரண்டாம் தர டாக்டர் போதுமா?

#3 தரவுப்பூனை

வாதப்பிரியன், இரண்டு கேள்விக்கும் ஒரே ஆய்வில் பதில் இருக்கிறது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2012இல் வந்தது. நேபாளத்தின் முதல் மருத்துவக் கல்லூரியில் முதல் 22 வகுப்புகளில் தேறியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடியிருக்கிறார்கள். 727 பேரில் 710 பேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த மாதிரி ஆய்வில் இது அபூர்வம்; பொதுவாகப் பலர் காணாமல் போய்விடுவார்கள்.

36 சதவீதம் பேர் வெளிநாட்டில், அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில். காட்மாண்டுவில் சுமார் 37 சதவீதம். தலைநகருக்கு வெளியே இருந்தவர்கள் 27 சதவீதம்தான். ஒரு ஏழை மலைநாடு தன் செலவில் படிக்கவைத்த கதை இது.

ஆனால் அந்த 27 சதவீதம் யார் என்று பார்த்த இடம்தான் முக்கியம். கிராமத்தில் பிறந்தவர்கள் கிராமப்புறத்தில் வேலை பார்க்க வாய்ப்பு, மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும், கிட்டத்தட்ட 4 மடங்கு. ஆக, மலையேறியின் முதல் கட்சி சொல்வதில் உண்மை இருக்கிறது. அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. ஏற்கெனவே சுகாதார உதவியாளராக வேலை பார்த்துவிட்டு, அப்புறம் மருத்துவம் படிக்க வந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி, கல்லூரி முடித்து நேராக வந்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் நேபாளக் கிராமப்புறத்தில் இருக்க வாய்ப்பு மூன்றரை மடங்கு. வயது கூடிச் சேர்ந்தவர்களும் அதிகம் தங்கினார்கள்.

கல்லூரி பிற்காலத்தில் அறிவியல் மாணவர்களை நேரடியாகச் சேர்ப்பதை அதிகப்படுத்தியது. வெளிநாடு போவோர் எண்ணிக்கையும் பிந்தைய வகுப்புகளில்தான் ஏறியது. இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை, நீங்களே யோசியுங்கள்.

#4 வாதப்பிரியன்

அதே ஆய்வை நானும் இப்போது எடுத்துப் பார்த்தேன். வகுப்பில் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்கள்தான் கிராமத்தில் இரண்டு மடங்கு அதிகமாக இருக்கிறார்களாம். நான் சொன்னது சரிதானே?

#5 டாக்டர் சுகந்தி

சரியில்லை. வகுப்பில் முதல் இடம் பிடித்தவருக்கு வெளிநாட்டுத் தேர்வு, பெரிய மருத்துவமனை என்று ஆயிரம் கதவு திறக்கும், அவர் போய்விடுவார். இதில் மலையில் இருப்பவரின் திறமையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. பரிட்சை ரேங்க் எதை அளக்கிறது, மலை எதைக் கேட்கிறது என்பது தனித்தனி.

நான் குடும்பநல மருத்துவர். ஒரு மலை மருத்துவமனையில் சில வருடம் இருந்தேன் (பெயர் வேண்டாம்). அங்கே என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன், பாடத்திட்டத்தில் இதில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.

நீராவியால் கருவிகளைச் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவை எடுத்துக்கொள்ளுங்கள். கருவிகளை 121 டிகிரியில் சுத்திகரிக்கக் கடல்மட்டத்தில் அழுத்தமானி 15 பவுண்டு (psi) காட்டினால் போதும் என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். 2,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. அதே 15இல் நிறுத்தினால் உள்ளே 121 வராது. முள் ஏறக்குறைய 19க்குப் போக வேண்டும். இது தெரியாத டாக்டர் அரைகுறையாகச் சுத்தமான கத்தியோடு ஆபரேஷன் செய்துகொண்டிருப்பார், தையல் ஏன் சீழ் பிடிக்கிறது என்று மருந்தை மாற்றி மாற்றி எழுதுவார்.

ரத்தசோகையும் அப்படித்தான். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருந்தால் சமவெளியில் சோகை இல்லை. உயரத்தில் உடம்பு அதிகம் ஹீமோகுளோபின் உண்டாக்கிக்கொள்ளும் என்பதால் அந்த எல்லைக்கோடும் மேலே போகும். உலக சுகாதார நிறுவனத்தின் 2011 அட்டவணைப்படி 2,500 மீட்டரில் 1.3 கூட்ட வேண்டும், 3,500 மீட்டரில் 2.7. (2024இல் அதையும் திருத்தியிருக்கிறார்கள்.) அதாவது அங்கே 12.5 உள்ள பெண்ணைச் சமவெளிக் கணக்கில் "நார்மல்" என்று அனுப்பினால், அவளுடைய சோகை யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. நகரத்தில் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமே "ரெஃபர் செய்", அதாவது பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு. மலையில் மழை பிடித்து மண் சரிந்துவிட்டால் யாருக்கு ரெஃபர் செய்வது? தாயின் வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கிறது, சாலை இல்லை. அந்த ராத்திரி சிசேரியன் தெரிந்த கை வேண்டும், மயக்கம் கொடுக்கத் தெரிந்த இன்னொரு கை வேண்டும். பட்டப்படிப்பு மட்டும் முடித்தவரை அங்கே தனியாக நிறுத்துவது அவருக்கும் அநியாயம், அந்தத் தாய்க்கும் அநியாயம். முதல் மரணத்தோடு பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நேபாளம் இதற்காகவே 1982இல் பொது மருத்துவத்தில் ஒரு முதுநிலைப் படிப்பு தொடங்கியது, கனடாவின் கால்கரி பல்கலைக்கழக உதவியோடு. சிசேரியன், எலும்பு முறிவு, மயக்க மருந்து, குழந்தை மருத்துவம் எல்லாம் ஒரே ஆளுக்கு. மாவட்ட மருத்துவமனையில் அப்படி ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதை வைத்தே அங்கே ஆபரேஷன் நடக்குமா என்று சொல்லிவிடலாம். நகரத்தில் இவர்களை "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்" என்று இளக்காரமாகப் பேசுவதுண்டு. பேசுபவரை ஒரு மாதம் மேலே அனுப்பிப் பார்க்க வேண்டும்.

#6 பள்ளத்தாக்குப்பெண்

நான் மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவி. மலையில் பிறந்து, உதவித்தொகையில் படிக்கிறேன். இந்த மாதிரி விவாதங்களை வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று ஒன்று கேட்க வேண்டும்.

நகரத்துப் பிள்ளை அரசாங்கச் செலவில் படித்துவிட்டு எங்கே போனாலும் அது "அவருடைய முன்னேற்றம்". நான் போனால் "நன்றி கெட்டவள்". அவரும் நானும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறோம். மலைக்கு டாக்டர் இல்லாதது மலைக்காரப் பிள்ளைகள் மட்டும் அடைக்க வேண்டிய கடனா?

திரும்பிப் போக எனக்கு இஷ்டம்தான். எங்கள் மொழியில் வயிற்றுவலியை எத்தனை விதமாகச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், பாட்டி எந்த மாத்திரையைச் சாப்பிடாமல் முந்தானையில் முடிந்துவைப்பாள் என்றும் தெரியும். ஆனால் எனக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு அது மட்டும் என்றால், இஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

#7 அருள்மொழி நர்ஸ்

👏 இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தேன்.

#8 மலையேறி

தங்கை பள்ளத்தாக்குப்பெண், நீங்கள் கேட்டதை இன்று மாலைக் கூட்டத்தில் அப்படியே வாசிக்கப் போகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஒப்பந்தமே வேண்டாமா, அல்லது நியாயமான ஒப்பந்தம் என்று ஒன்று உண்டா?

#9 தரவுப்பூனை

அவர் பதில் சொல்வதற்குள் இரண்டு உதாரணம் போட்டுவிடுகிறேன்.

ஜப்பானில் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம், 1972. நாட்டின் 47 மாகாணங்களும் சேர்ந்து நடத்துகின்றன. ஒவ்வொரு மாகாணமும் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். படிப்புச் செலவு கடன் கணக்கு. படித்த ஆறு வருடத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 9 வருடம், சொந்த மாகாணத்தில் வேலை பார்த்தால் கடன் ரத்து. கவனியுங்கள்: 9 வருடமும் தீவிலும் மலையிலும் கிடக்கச் சொல்வதில்லை. ஏறக்குறையப் பாதிக் காலம் பெரிய மருத்துவமனையில் பயிற்சி, மீதி குக்கிராமம். எப்போது எங்கே என்பதை மாகாணம் முன்கூட்டியே திட்டமிடும். நடுவில் கழன்றுகொள்பவர்கள் மிகக் குறைவு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் மற்ற மருத்துவர்களைவிட இவர்கள் கிராமப்புறத்தில் அதிகம் காணப்படுகிறார்கள்.

தாய்லாந்தில் எல்லா அரசு மருத்துவ மாணவர்களுக்கும் மூன்று வருடக் கட்டாய சேவை, மீறினால் 4 லட்சம் பாட் அபராதம். பல வருடமாக அதே தொகை. தனியார் மருத்துவமனைச் சம்பளம் ஏற ஏற, அபராதம் கட்டிவிட்டுப் போவது சுலபமாகிவிட்டது. அதனால்தான் 1994இல் கிராமப்புற மாணவர்களைத் தனியாகச் சேர்த்து, அவர்கள் ஊர்ப் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே கடைசி மூன்று வருடம் பயிற்சி தரும் திட்டம் கொண்டுவந்தார்கள். 2005இல் "மாவட்டத்துக்கு ஒரு டாக்டர்" என்று இன்னொன்று: 12 வருட ஒப்பந்தம், 20 லட்சம் பாட் அபராதம். என் கருத்து, 12 வருடம் கொத்தடிமைத்தனத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

வாதப்பிரியன், ஒப்பந்தம் வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை மட்டும் நம்பியவர்கள் அதைத் திரும்பத் திரும்பத் தைக்க வேண்டியிருக்கிறது.

#10 பள்ளத்தாக்குப்பெண்

மலையேறி அண்ணா, கோபமெல்லாம் இல்லை. ஜப்பான் மாதிரி என்றால் நான் கையெழுத்துப் போடுவேன். எத்தனை வருடம், எந்த மருத்துவமனை, என்னோடு யார் இருப்பார்கள், நடுவில் பி.ஜி. படிக்க விடுவார்களா, கல்யாணம் ஆனால் கணவருக்கு அங்கே வேலை உண்டா, இதெல்லாம் தெரிந்து போடும் கையெழுத்து வேறு. பதினெட்டு வயதில், ஹாஸ்டல் பணம் கட்ட நாளை கடைசி நாள் என்று நிற்கும்போது வாங்கும் கையெழுத்து வேறு.

மறந்துவிட்டேன், குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம். எனக்குத் தெரிந்து மலையை விட்டு இறங்கிய சீனியர்கள் முக்கால்வாசிப் பேர் சொன்ன காரணம் சம்பளம் இல்லை, இதுதான்.

#11 வாதப்பிரியன்

பள்ளிக்கூடமும் கட்டித்தர வேண்டும், கணவருக்கும் வேலை தர வேண்டும். அறக்கட்டளையா, அரசாங்கமா? 😀

#12 அருள்மொழி நர்ஸ்

சிரிப்பு இருக்கட்டும் சார். நான் மயக்க மருந்துப் பிரிவில் நர்ஸ். எல்லோரும் டாக்டர், டாக்டர் என்றே பேசுகிறீர்கள். டாக்டர் சுகந்தி "இன்னொரு கை" என்று ஒன்று சொன்னாரே, அது யாருடைய கை?

நேபாளத்தில் பல மாவட்ட மருத்துவமனைகளில் அந்தக் கை டாக்டருடையது கிடையாது. சுகாதார உதவியாளருக்கோ நர்ஸுக்கோ தனியாகப் பயிற்சி கொடுத்து மயக்க மருந்து உதவியாளர் ஆக்குகிறார்கள். அவர் இல்லாவிட்டால் சிசேரியன் தெரிந்த டாக்டரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இந்தப் பயிற்சிக்கு ஆகும் காலமும் செலவும் ஒரு டாக்டரை உருவாக்குவதில் சின்னப் பங்கு. பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், வீடு வாசல் அங்கேயே இருக்கிறது, எங்கேயும் ஓட மாட்டார்கள்.

பிலிப்பைன்ஸில் லெய்ட்டே தீவில் 1976இல் ஒரு சுகாதார அறிவியல் பள்ளி தொடங்கினார்கள். அதன் அமைப்பு ஏணிப்படி மாதிரி. ஊர்மக்களே ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். முதலில் மருத்துவச்சிப் படிப்பு. ஊருக்குத் திரும்பி வேலை. ஊரார் சரி என்றால் அடுத்த படி நர்ஸ். அப்புறம் விருப்பமும் தகுதியும் இருந்தால் டாக்டர். எந்தப் படியில் நின்றாலும் ஊருக்கு ஒரு ஆள் மிச்சம். மருத்துவம் பாஸாகாத பிள்ளை அங்கே "தோற்றவர்" ஆவதில்லை.

தரவுப்பூனை மேலே சொன்ன மூன்றரை மடங்கு ஆட்களும் இப்படிப்பட்டவர்கள்தானே? ஊசி போட்டு, கட்டுப் போட்டு, பிரசவம் பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர்கள். அவர்களுக்கு மலை புதுசு இல்லை.

#13 வாதப்பிரியன்

இதெல்லாம் கடைசியில் அரை டாக்டரில் போய் முடியும். சத்தீஸ்கரில் 2001இல் மூன்று வருட மருத்துவப் படிப்பு கொண்டுவந்தார்களே, என்ன ஆனது? கல்லூரிகளையே மூடிவிட்டார்கள்.

#14 தரவுப்பூனை

மூடினார்கள், உண்மை. ஆனால் படித்து வெளியே வந்தவர்களை அரசு ஊரக மருத்துவ உதவியாளர்களாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தியது. 2010இல் வந்த ஒப்பீட்டு ஆய்வில், சாதாரணமாக வரும் நோய்களைக் கையாள்வதில் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு இவர்கள் சமமாகவே இருந்தார்கள். படிப்பு நின்றுபோனதற்கு மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்பும், பட்டத்துக்கு என்ன பெயர் என்ற ஓயாத சண்டையும் பெரிய காரணங்கள். மாணவர்களே பெயர் மாறியதை எதிர்த்துப் போராடினார்கள்.

#15 டாக்டர் சுகந்தி

இதில் நான் பாதி வாதப்பிரியன் பக்கம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ரத்த அழுத்தம் என்றால் மூன்று வருடப் படிப்பு தாராளம். ஆனால் "மலைக்கு இது போதும்" என்று அதோடு அரசு கையைக் கழுவிவிடும் ஆபத்து உண்டு. நான் சொன்ன அந்த மழை ராத்திரிக்கு மூன்று வருடம் போதாது. அருள்மொழி சிஸ்டர் சொல்வது அது இல்லை. அவர் சொல்வது குழு. அதில் எனக்கு முழு சம்மதம்.

எங்கே பயிற்சி கொடுப்பது என்பதையும் பேச வேண்டும். மலைப்பிள்ளையை ஐந்தரை வருடம் நகரத்து ஆயிரம் படுக்கை மருத்துவமனையில் வைத்திருந்து, அப்புறம் "போ" என்றால் அவரும் நகரத்து டாக்டராகத்தான் போவார். ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997இலிருந்து சில மாணவர்களை ஒரு முழு வருடம் சிறு நகர மருத்துவமனைகளில் வைத்துப் பயிற்சி தந்தது. பெரிய மருத்துவமனையில் இருந்த வகுப்புத் தோழர்களைவிட இவர்கள் பரிட்சையில் பின்தங்கவில்லை, நன்றாகவே செய்தார்கள். தரம் போய்விடும் என்பவர்களுக்கு இது.

நேபாளத்தில் பாட்டன் அகாடமி என்ற மருத்துவக் கல்வி நிறுவனம், முதல் மருத்துவ வகுப்பு 2010இல். சேர்க்கையிலேயே கிராமப் பின்னணிக்குப் புள்ளி, படிப்புக்கு நடுவில் கிராமத்தில் தங்கிக் கற்பது. அதைத் தாண்டி, 2011இல் கர்னாலி அகாடமி என்ற இன்னொன்றை மலையூரான ஜும்லாவிலேயே வைத்தார்கள், ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில். பலகை மாட்டினால் போதாது, ஆசிரியரும் கட்டடமும் வர வேண்டும் என்பதற்காகவும் எலும்பு மருத்துவர் கோவிந்த கே.சி. திரும்பத் திரும்ப உண்ணாவிரதம் இருந்தார். 2018இல் ஜும்லாவிலேயே போய் உட்கார்ந்து ஆரம்பித்தார்; அந்த உண்ணாவிரதம் 27 நாள் நீடித்தது. ஒரு பேராசிரியர் சாப்பிடாமல் கிடந்துதான் மலைக்கு மருத்துவக் கல்வி கேட்க வேண்டியிருக்கிறது.

#16 நெறியாளர்

அரசியல் பக்கம் போகாமல் தலைப்போடு நிற்கவும். இதுவரை நன்றாகப் போகிறது.

#17 மலையேறி

கூட்டம் முடிந்தது, இரண்டு மணி நேரச் சண்டை. இப்போதைய நிலை: பள்ளி முடித்தவர்களுக்கு வைத்திருந்த தொகையைப் பாதியாகக் குறைக்கிறோம். மீதியை ஏற்கெனவே மலையில் வேலை பார்க்கும் நர்ஸ், சுகாதார உதவியாளர்களுக்கு ஒதுக்குவோம். மேலே படிக்க நினைப்பவருக்குப் படிப்பு, இல்லாதவருக்கு மயக்க மருந்து மாதிரி திறன் பயிற்சி. ஒப்பந்தம் உண்டு, நாலு வருடத்துக்கு மேல் போகாது, பி.ஜி. இடைவெளியோடு. மருத்துவமனை எது, கூட யார் என்று எழுதித்தர முடியாவிட்டால் கையெழுத்தும் கேட்க மாட்டோம்.

பொருளாளர் மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார். "பத்து டாக்டரை உருவாக்கினோம் என்று சொல்ல முடியாதே" என்பது அவர் கவலை.

#18 தரவுப்பூனை

கொஞ்சம் பணத்தை இணைய வசதிக்கும் வையுங்கள். நியூ மெக்சிகோவில் 2003இல் எக்கோ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கிராமப்புற மருத்துவர்கள் வாரம் ஒருமுறை வீடியோவில் நிபுணர்களோடு உட்கார்ந்து தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசுவார்கள். ஹெபடைட்டிஸ் சி என்ற ஈரல் நோயின் சிகிச்சையில் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இணையான பலன் என்று 2011இல் ஆய்வு வந்தது. நோயாளிக்கு மட்டுமல்ல, தனியாக இருக்கும் டாக்டருக்கும் அது மருந்து.

#19 அருள்மொழி நர்ஸ்

மலையேறி சார், ரொம்ப சந்தோஷம். ஆனால் பணம் ஒதுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பல நாடுகளில் நர்ஸோ சுகாதார உதவியாளரோ மருத்துவப் படிப்புக்குத் தாவ வழியே கிடையாது. பத்து வருட அனுபவம் இருந்தாலும், பள்ளியில் உயிரியல், வேதியியல் எடுத்த பிள்ளையோடு உட்கார்ந்து அதே நுழைவுத்தேர்வை எழுத வேண்டும். நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து யாரால் ஜெயிக்க முடியும்? முதல் வருடப் பணத்தை அந்தத் தேர்வுப் பயிற்சிக்கும், படிக்கும் மாதங்களில் அவர்கள் இழக்கும் சம்பளத்துக்கும் வையுங்கள். வேலைக்குத் திரும்ப லீவு விதி இடம் கொடுக்குமா என்று சுகாதாரத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி வேலையை விட்டவர்கள் கதை எனக்குத் தெரியும்.

#20 பள்ளத்தாக்குப்பெண்

அந்த நுழைவுத்தேர்வுக்கு நான் எழுதிய நோட்ஸ் எல்லாம் இருக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் தனிமடலில் கேளுங்கள், ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். உயிரியல் நன்றாக இருக்கும். இயற்பியலுக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.